குடும்பத்தோடு கப்பலேறியவர்கள் கேட்கிறார்கள்

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டுவிட்டு, நான்கு இரவுகள் கழித்து மீண்டும் சிங்கப்பூரிலேயே இறங்கும் உல்லாசக் கப்பல் பயணத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். போய்வந்தவர்களும் போகத் திட்டமிடுபவர்களுமாக நிறையப் பேர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். மகிழ்ச்சியைச் சொன்னவர்களைவிட மனக்குறையைச் சொன்னவர்கள் அதிகம் என்பதால், அவற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மாமனார், மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள், நான் என்று ஆறு பேர் போனோம். இரண்டு ஆண்டுச் சேமிப்பு. பினாங்கில் ஒரு மாலைப்பொழுது, புக்கெட்டில் ஐந்து மணி நேரம், அவ்வளவுதான் கிடைத்தது. “இந்தப் பணத்துக்கு விமானத்தில் போய் ஒரு வாரம் ஊர் சுற்றியிருக்கலாம்” என்று என் கணவர் இன்றுவரை சொல்கிறார். என் மாமியாரோ “மறுபடி எப்போது போகலாம்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி?
— கோயம்புத்தூர் வாசகி

இருவர் சொல்வதும் சரிதான், அம்மா. ஒரே கப்பலில் ஏறினாலும் அவர்கள் போனது இரண்டு வேறு பயணங்கள். உங்கள் கணவர் ஊர்களைப் பார்ப்பதற்காகப் பணம் கட்டினார். உங்கள் மாமியாருக்குக் கப்பலே ஊராக அமைந்துவிட்டது. ஊர் பார்க்க வேண்டும் என்று ஏறுபவர்களுக்கு இந்தப் பயணம் ஏமாற்றமாகத்தான் முடியும். கப்பல் துறைமுகத்தில் எட்டு மணி நேரம் நிற்கும் என்று அட்டவணையில் போட்டிருந்தாலும், இறங்குவதற்கான வரிசை, குடியேற்றச் சோதனை, ஊருக்குள் போகும் நேரம், புறப்பாட்டுக்கு முன்பே திரும்பி ஏற வேண்டிய கட்டாயம் ஆகியவற்றைக் கழித்துவிட்டால், கையில் நிற்பது நீங்கள் சொல்லும் அந்த ஐந்து மணி நேரம்தான். பினாங்கை நிதானமாகப் பார்க்க விரும்புபவர் அங்கே மூன்று நாள் தங்குவதே முறை. கப்பலை அதற்கு மாற்றாக நினைக்கவே கூடாது.

உங்கள் மாமியாரின் மகிழ்ச்சியை நான் நன்றாகப் புரிந்துகொள்கிறேன், ஏனென்றால் அதே மகிழ்ச்சியை என் அம்மாவின் முகத்தில் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி. எந்தச் சுற்றுலாவுக்குப் போனாலும் “நீங்கள் எல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் வண்டியிலேயே இருக்கிறேன்” என்று சொல்லியே பழகியவர். கப்பலில் அவருக்கு அந்த வார்த்தை தேவைப்படவில்லை. பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும், ஏறி இறங்க லிஃப்ட் இருக்கிறது, கழிப்பறை எப்போதும் பக்கத்தில், உட்காரும் இடமெல்லாம் கடல் தெரிகிறது. விடியற்காலை ஐந்தரை மணிக்கே எழுந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரில் தேநீரை வாங்கிக்கொண்டு, வெளித்தளத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மலாக்கா நீரிணை உலகின் மிக நெரிசலான கடல்வழிகளில் ஒன்று. சிங்கப்பூருக்கு அருகே பிலிப் கால்வாயில் அது மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. எண்ணெய்க் கப்பலும் பெட்டகக் கப்பலும் வரிசையாகப் போவதை எண்ணிக்கொண்டே இருப்பார். முதல் நாள் இரவு உணவு மேசையில், பழக்க தோஷத்தில் எழுந்து அப்பாவின் தட்டில் சோறு வைக்கப் போன அம்மாவைப் பரிமாறுபவர் பணிவாகத் தடுத்து உட்கார வைத்தார். மூன்றாம் நாள் இரவு, சூப்பில் உப்புக் குறைவு என்று அம்மாவே அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். வேறொருவர் பரிமாற, தான் குறை சொல்லிச் சாப்பிட்ட வேளை அவருக்கு அதற்கு முன் எத்தனை வாய்த்திருக்கும் என்று அன்று இரவு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். எல்லா இடத்துக்கும் ஆறு பேரும் சேர்ந்தே போனதாகவும், ஒருவருக்காக மற்றவர் காத்திருந்தே பாதி நாள் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கப்பலில் அதற்கு அவசியமே இல்லை. சிறு பிள்ளைகளுக்கென்று தனிக் கூடம் இருக்கிறது. பெரும்பாலான கப்பல்களில் டயப்பர் இல்லாமல் இருக்கப் பழகிய மூன்று வயதுக் குழந்தையிலிருந்து சேர்த்துக்கொள்கிறார்கள். பெரியவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும், உங்கள் கணவர் நீந்தட்டும், நீங்கள் தூங்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஆறு பேரும் ஒரே மேசையில் கூடினால், அன்று யார் எதைப் பார்த்தார்கள் என்று சொல்வதற்கு ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும். அடுத்த முறை, கப்பலேறும் முன்போ இறங்கிய பின்போ சிங்கப்பூரில் இரண்டு நாள் சேர்த்துக்கொண்டால், ஊர் சுற்ற வேண்டும் என்ற உங்கள் கணவரின் ஆசையும் தீரும்.

விளம்பரத்தில் பார்த்த கட்டணத்தை நான்கால் பெருக்கிப் பணம் எடுத்துக்கொண்டு போனோம். கடைசி நாள் காலை வந்த கணக்கைப் பார்த்து அதிர்ந்துவிட்டோம். எங்கே தவறினோம்?
— திருச்சி வாசகர்

விளம்பரத்தில் இருப்பது இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கான கட்டணம், அதுவும் பெரும்பாலும் சன்னல் இல்லாத உள் அறைக்கானது. துறைமுகக் கட்டணமும் வரியும் அதன்மேல் வரும். அடுத்தது பணியாளர் அன்பளிப்பு. பல கப்பல்களில் இது நீங்கள் விரும்பிக் கொடுப்பதாக இல்லாமல், தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாகவே ஏறிவிடும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொண்டாலும், நான்கு பேருக்கு நான்கு இரவுகள் என்றால் 256 டாலர் ஆகிறது. இதைக் குழந்தைகளுக்கும் சேர்த்தே வாங்குவார்கள் என்பது பலருக்குக் கடைசி நாளில்தான் தெரியவருகிறது.

பஃபேயில் தேநீர், காபி, தண்ணீர், சாப்பாடு எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம். ஆனால் அதே காபியைக் கூடத்தில் உள்ள காபிக் கடையில் குடித்தால் தனிக் காசு. புட்டிக் குளிர்பானம், பழச்சாறு, தனி உணவகங்கள், இணைய இணைப்பு, ஏறும்போதே எடுத்து மாட்டிவைக்கும் புகைப்படங்கள், கரையில் கூட்டிப்போகும் சுற்றுலா எல்லாமே தனிதான். ரொக்கம் கைமாறாமல் அறைச் சாவி அட்டையையே எல்லா இடத்திலும் தேய்ப்பதால், பிள்ளைகளுக்கு அது காசாகவே தோன்றுவதில்லை. ஏறிய அன்றே விருந்தினர் சேவை மேசையில் சொல்லி, பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்யும் வசதியை நிறுத்திவிடலாம். ஒவ்வோர் இரவும் அதே மேசையிலோ அறைத் தொலைக்காட்சியிலோ அன்றைய கணக்கைப் பார்த்துவிடுங்கள். தவறாக ஏறிய தொகையை அன்றே சொன்னால் சரிசெய்வது எளிது.

கணக்குத் தாளில் வராமல், வீடு திரும்பிய பின் வரும் செலவு ஒன்று உண்டு. கரை மறைந்ததும் கைப்பேசி, கப்பலில் உள்ள செயற்கைக்கோள் வழிக் கைப்பேசி இணைப்பைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் திட்டங்கள் பெரும்பாலும் இதற்குச் செல்லாது. கட்டணம் மிக அதிகம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பையில் கிடந்த கைப்பேசி இரவெல்லாம் தானாகப் படங்களைச் சேமித்ததற்கு வந்த கட்டணம் ஓர் ஆளின் கப்பல் கட்டணத்தில் பாதியைத் தொட்டது. கப்பல் நகரத் தொடங்கியதும் எல்லோருடைய கைப்பேசியையும் ‘ஏர்ப்ளேன் மோட்’ எனப்படும் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

விசாவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கப்பல் மலேசியாவுக்குப் போகும்போது நீங்கள் சிங்கப்பூரைவிட்டு வெளியேறியதாகவே கணக்கு. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய அனுமதிக்கும் சிங்கப்பூர் விசா வேண்டும்.

என் அம்மாவுக்குக் கொடைக்கானல் மலைப்பாதையிலேயே வாந்தி வரும். கப்பலில் அழைத்துப் போகலாமா?
— சென்னை வாசகி

தயங்காமல் அழைத்துப் போங்கள். உள்காது உணரும் அசைவும் கண் பார்க்கும் காட்சியும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் வருகிறது. மலைப்பாதையின் உலுக்கலோடு ஒப்பிட்டால் பெரிய கப்பலின் அசைவு மிக மெதுவானது. கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் துடுப்புபோல் நீண்டிருக்கும் நிலைநிறுத்திகள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு குறைக்கின்றன. சுமத்ரா தீவு அரணாக இருப்பதால் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடிவதற்கு முன், அந்தத் தீவின் பெயரிலேயே ‘சுமத்ரா’ என்று அழைக்கப்படும் திடீர்ப் புயற்காற்று வருவதுண்டு, ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

அறையைத்தான் கவனித்து எடுக்க வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், சன்னல் உள்ள அறையாகப் பாருங்கள். உயரமான தளத்தில் முன்கோடியில் இருக்கும் பால்கனி அறை விலையும் அதிகம், ஆட்டமும் அதிகம். வயிற்றைக் காலியாக வைக்காமல், தொடுவானத்தைப் பார்த்தபடி வெளித்தளத்தில் உட்காரச் சொல்லுங்கள். மாத்திரையைக் குமட்டல் தொடங்கும் முன்பே போட்டால்தான் பலன் உண்டு. அவற்றில் பல தூக்கத்தை வரவழைப்பவை; கண்ணழுத்த நோய் போன்றவை உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாதவையும் உண்டு. அதனால் உங்கள் மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

கடந்த ஜூன் மாதம் போனோம். கடல் கொந்தளிப்பு என்று சொல்லி எங்கள் கப்பல் புக்கெட்டில் நிற்கவே இல்லை. கடலுக்கடியில் மீன் பார்க்கக் கண்ணாடியெல்லாம் வாங்கி வைத்திருந்த பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். துறைமுகக் கட்டணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். இது நியாயமா?
— சேலம் வாசகர்

உங்கள் பிள்ளைகளின் அழுகையை நினைத்தால் எனக்கும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் சட்டப்படி உங்களுக்குக் கிடைக்க வேண்டியது பெரும்பாலும் அவ்வளவுதான். பயணச்சீட்டோடு வரும் நீண்ட ஒப்பந்தத்தில், பாதுகாப்புக்காக எந்தத் துறைமுகத்தையும் தவிர்க்கவோ மாற்றவோ கப்பல் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கும். கப்பல் மூலமாகவே முன்பதிவு செய்த கரைச் சுற்றுலாவாக இருந்தால் அந்தப் பணமும் திரும்பி வரும். வெளியாரிடம் கட்டியிருந்தால் அவர்களுடைய விதிகளைப் பொறுத்தது.

எனக்கு உள்ள குறை, இதை முன்கூட்டியே யாரும் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பதே. பினாங்கில் கப்பல் நேராகத் துறையிலேயே அணைந்துவிடும். புக்கெட்டில், குறிப்பாகப் பட்டோங் விரிகுடாவில், கப்பல் தொலைவில் நங்கூரமிட, டெண்டர் என்னும் சிறுபடகுகளில் பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அந்தக் கரை அந்தமான் கடலைப் பார்த்து மேற்கே திறந்து கிடக்கிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலைகளை நேராக அங்கேதான் தள்ளுகிறது. கப்பலின் பக்கவாட்டில் படகு ஓர் ஆள் உயரம் ஏறி இறங்கும்போது, கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் அதில் கால்வைக்கச் சொல்ல எந்தக் கேப்டனும் துணியமாட்டார். அவர் துணியாததே நல்லது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்றால், மே மாதக் கடைசி வரை தள்ளாமல் ஏப்ரலிலேயே போய்விடுங்கள். அதுவும் முடியாவிட்டால், பினாங்கு வரை மட்டும் போய்த் திரும்பும் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்.

புக்கெட்டில் இறங்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. திரும்பி ஏற வேண்டிய நேரத்தைக் கப்பலின் கடிகாரப்படிதான் அறிவிப்பார்கள். கரையில் கைப்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொண்டு உங்களைத் தவறான நிம்மதியில் ஆழ்த்தும். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள். சொந்தமாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

நாங்கள் முட்டையும் சேர்க்காத சைவம். என் மாமியார் தினமும் விளக்கேற்றாமல் சாப்பிடமாட்டார். கப்பலில் இதற்கெல்லாம் இடம் உண்டா?
— மதுரை வாசகி

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் மிகுதி என்பதால் சாம்பாரோ பருப்போ ஏதாவது ஒன்று இருக்கவே செய்யும். ஆனால் பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வெறும் ‘சைவம்’ என்று சொன்னால் முட்டையும் மீன் சாறும் அவர்கள் கணக்கில் விலக்கப்பட்டதாக ஆகாது. இன்னின்னது கூடாது என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். வீட்டில் செய்த புளியோதரையைப் பொதுவாக ஏற்ற விடுவதில்லை. கடையில் வாங்கி உறை பிரிக்காத முறுக்கு, கடலைமிட்டாய் போன்றவற்றைப் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள்.

விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி எதையும் அறையில் ஏற்ற முடியாது. மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைக்கூடச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். நடுக்கடலில் தீப்பிடித்தால் வெளியிலிருந்து தீயணைப்பு வண்டி வராது. கப்பலில் இருப்பவர்களே அணைத்தாக வேண்டும். இதை மாமியாரிடம் ஊரிலேயே மரியாதையாக எடுத்துச் சொல்லி, பேட்டரியில் எரியும் சிறு அகல் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். ஏறும் இடத்தில் சோதனை மேசையில் வைத்து அவருக்குத் தெரியவந்தால் மனம் நோகும்.

கப்பல் கிளம்பும் முன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியையும் குடும்பத்தோடு முழுமையாகச் செய்யுங்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று புதிதாக ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகே, கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சியை நடத்த வேண்டும் என்று விதியை மாற்றினார்கள்.

எங்கள் அறையைச் சுத்தம் செய்தவர் தினமும் துவாலையை யானையாகவும் குரங்காகவும் மடித்து வைத்து, என் மகளை மகிழ்வித்தார். தன் குழந்தையைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது என்று சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து மனம் சரியில்லை.
— திருநெல்வேலி வாசகி

மனம் சரியில்லாமல் போனது இயல்பே. கப்பல் பணியாளர்களின் ஒப்பந்தம் பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதம் வரை நீள்கிறது. அந்தக் காலத்தில் வார விடுமுறை என்று முழுநாள் ஓய்வு பெரும்பாலும் கிடையாது. கடல்சார் தொழிலாளர்களுக்கான 2006-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையே வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தருகிறது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நம் கோவா, கேரளா, தமிழ்நாடு என்று பல ஊர்ப் பிள்ளைகள் இந்த வேலையில் இருக்கிறார்கள். கணக்கில் ஏறும் அன்பளிப்பு பலருக்குப் பிரித்துக் கொடுக்கப்படுவது. உங்களுக்கு உழைத்தவருக்குத் தனியாகக் கொடுக்க நினைத்தால் உறையில் வைத்துக் கையில் கொடுங்கள். பயண முடிவில் கேட்கும் கருத்துப் படிவத்தில் அவர் பெயரைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அந்த வரிகள் உதவும் என்று கப்பலில் வேலை செய்த உறவினர் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

என் தாத்தா ‘ராஜுலா’ கப்பலில் நாகையிலிருந்து பினாங்குக்குப் போய்ப் பத்து ஆண்டுகள் கடையில் வேலை செய்தவர். அவர் மகனான என் தந்தைக்கு இப்போது 78 வயது. ஒருமுறையாவது பினாங்கைக் கடல் வழியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார். நாகையிலிருந்து இப்போது வழி உண்டா? இந்த வயதில் அழைத்துப் போகலாமா?
— நாகப்பட்டினம் வாசகர்

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 1926-இல் கட்டப்பட்ட ராஜுலா, சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. நாகையில் கப்பல் தொலைவில் நிற்க, கரையிலிருந்து படகில் போய்த்தான் ஏற வேண்டும். அறை எடுக்க வசதியில்லாத ஆயிரக்கணக்கானோர் டெக் பயணிகளாகத் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்துக் கடலைக் கடந்தார்கள். அதன் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985-இல் நடுக்கடலில் தீ விபத்துக்குள்ளானதோடு அந்த வழியில் பயணிகள் கப்பல் நின்றுபோனது. நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, இடையிடையே நின்று நின்று நடக்கும் படகுச் சேவை இலங்கையோடு சரி. பினாங்குக்கு இன்று நம் கரையிலிருந்து வழக்கமான கப்பல் இல்லை.

ஆனால் உங்கள் தந்தையின் ஆசை பாதிக்கு மேல் நிறைவேறும். சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து பினாங்கு செல்லும் உல்லாசக் கப்பலில் ஏறினால், ராஜுலா தன் பயணத்தின் கடைசிப் பகுதியில் போன அதே நீரிணையை எதிர்த்திசையில் கடப்பீர்கள். போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இன்றைய போர்ட் கிள்ளான். அந்தக் கரையையும் தாண்டியே கப்பல் போகும்.

78 வயது தடையில்லை. பதிவின்போதே சக்கர நாற்காலி கேளுங்கள். கப்பலில் மருத்துவர் உண்டு என்றாலும் செலவு மிக அதிகம் என்பதால், பழைய நோய்களையும் மறைக்காமல் எழுதிப் பயணக் காப்பீடு எடுங்கள். பெரிய பெட்டிகள் அறைக்கு வந்துசேர மாலை ஆகிவிடும். மருந்துகள் கைப்பையிலேயே இருக்கட்டும். புக்கெட்டில் படகில் இறக்க முயல வேண்டாம். அன்று கப்பலிலேயே ஓய்வெடுக்கட்டும்.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறையிலேயே அணைவதால் சக்கர நாற்காலியோடு நேராக இறங்கலாம். வெளியே நிற்கும் வண்டிக்காரர்கள் தொலைவான இடங்களுக்குக் கூப்பிடுவார்கள், போக வேண்டாம். நடக்கக்கூடியவருக்குக் கால் மணி நேரத் தொலைவில் குயீன் தெருவும் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. சுற்றியுள்ள தெருக்களில் மளிகைக் கடைகளும் பூக்கடைகளும் துணிக்கடைகளும், அவற்றில் தமிழ் பேசும் மனிதர்களும் இருக்கிறார்கள். தாத்தா வேலை செய்த கடையின் தெருப் பெயர் பழைய கடிதம் எதிலாவது இருந்தால் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். ஜார்ஜ் டவுன் 2008 முதல் உலகப் பாரம்பரிய நகரமாக இருப்பதால் அந்தத் தெருக்களின் பழைய கட்டடங்களில் பல இன்னும் நிற்கின்றன. கப்பல் பினாங்கை நெருங்கும் வேளையை முந்தைய இரவே விசாரித்து வைத்துக்கொண்டு, அப்பாவை அரை மணி நேரம் முன்பாகவே திறந்த தளத்துக்கு அழைத்துப் போய்விடுங்கள். காற்று பலமாக இருக்கும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.